போகிப் புகையிலிருந்து குழந்தைகளையும் முதியோரையும் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கொருக்குப்பேட்டை குடியிருப்போர் சார்பில்,
வீசிங் உள்ள ஒரு சிறுவனின் தாய்,
வடசென்னை.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

பொருள்: போகிக்கு முன்பே பழைய டயர்களை அப்புறப்படுத்துதல், அன்று விடியற்காலையில் சுகாதார நிலையங்களைத் திறந்து வைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

என் மகனுக்கு ஒன்பது வயது. சென்ற போகியன்று விடியற்காலை மூன்றரை மணிக்கு இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தான். படுக்க முடியவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே இழுத்தது. பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக அறுந்து வந்தது. மருந்தை வாய்க்குச் சேர்க்கும் குழாயான ஸ்பேசர் வைத்து இன்ஹேலர் கொடுத்தும் அடங்கவில்லை. தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் எதிர்வீட்டு மாடி தெரியவில்லை. தெருமுனையில் டயர் எரிந்துகொண்டிருந்தது. அந்தப் புகைக்குள்தான் ஆட்டோ பிடித்துப் போனோம். முதலில் போன சுகாதார நிலையம் பூட்டியிருந்தது. இரண்டாவது இடத்தில், மருந்தைப் புகைபோல் ஆக்கி மூச்சோடு இழுக்க வைக்கும் நெபுலைசர் கருவி வைத்த பிறகுதான் பிள்ளை என் தோளில் தலை சாய்த்தான்.

போகி வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. என் மாமியார் காலத்தில் கிழிந்த கோரைப்பாயும் தேய்ந்த விளக்குமாறும் ஓலையும் எரிந்தன. இன்று நெருப்பில் விழுவது ரெக்சின், நுரை மெத்தை, நைலான் துணி, எல்லாவற்றுக்கும் மேலாக டயர். பொழுது விடிந்ததும் தெருவில் பார்த்தால் ரப்பர் எரிந்து போன கம்பி வளையங்கள் மட்டும் தாரில் ஒட்டிக் கிடக்கும். கொடியில் மறந்துவிட்ட துணியை உதறினால் கரித்தூள் பறக்கும். அதே கரிதான் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்ளும் போகிறது.

மார்கழிக் கடைசியில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்கும். மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக மூடிபோல் நிற்கும். காற்றோட்டமும் இருக்காது. ஆகவே புகை மேலே போக வழியில்லாமல் பனியோடு கலந்து தெருவிலேயே தேங்குகிறது. 2018 போகிக் காலையில் சென்னை விமான நிலையத்திலேயே ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமாயின, வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. பிஎம் 2.5 என்னும் நுண்துகள் 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 15 தான். மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைக் காற்றையும் கொடுங்கையூர் குப்பைமேட்டுக் காற்றையும் ஆண்டு முழுவதும் சுவாசிக்கும் எங்களுக்கு இந்த ஒரு விடியற்காலை கூடுதல் சுமை.

குப்பையை எரிக்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. பழைய பொருட்களைத் தூய்மைப் பணியாளர்களிடம் கொடுக்கலாம் என மாநகராட்சி அறிவிப்பதையும் நன்றியோடு குறிப்பிடுகிறோம். ஆனால் டயர் வீடுகளிலிருந்து வருவதில்லை. பஞ்சர் கடை வாசலில்தான் குவிந்து கிடக்கிறது. பையன்கள் பத்து நாளைக்கு முன்பே அதை உருட்டிக்கொண்டு போய் மாடிப்படிக்கு அடியில் பதுக்கிவிடுகிறார்கள். எனவே மார்கழி பிறந்ததுமே வார்டு வாரியாகப் பஞ்சர் கடைகளைக் கணக்கெடுத்து, டயர்களை வண்டி வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். இதுதான் எங்கள் முதல் கோரிக்கை. இதைச் செய்தாலே பாதிப் புகை குறையும் என்று நம்புகிறோம்.

அடுத்து, போகியன்று அதிகாலை மூன்று மணி முதல் வார்டுக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமாவது நெபுலைசர், ஆக்சிஜன், செவிலியரோடு திறந்திருக்க வேண்டும். எது திறந்திருக்கும் என்பதை முன்கூட்டியே தெருவில் எழுதி ஒட்டுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் வீடு வீடாக வருபவர்கள்; ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களின் இன்ஹேலரும் மாத்திரையும் தீர்ந்துவிடாமல் அந்த வாரம் அவர்கள் ஒருமுறை பார்த்துச் சொன்னால் பெரிய உதவி.

குப்பை எடுக்க வரும் பேட்டரி வண்டியின் ஒலிபெருக்கியிலும் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். நள்ளிரவு முதல் புகை கலையும் வரை ஜன்னலைச் சாத்துங்கள். கதவிடுக்கில் ஈரத்துணி வையுங்கள். அன்று கொசுவர்த்தியும் சாம்பிராணியும் வேண்டாம். வெளியே போயே ஆக வேண்டுமென்றால், மூக்கோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 முகக்கவசம் போடுங்கள், கைக்குட்டையோ துணி மாஸ்க்கோ நுண்துகளைத் தடுக்காது. போகிச் சாம்பலை விடியற்காலையிலேயே கூட்டி அள்ளும் தூய்மைப் பணியாளர்களுக்கும் மாநகராட்சி அதே முகக்கவசம் கொடுக்க வேண்டும். தண்ணீர் தெளிக்காமல் கூட்டச் சொல்லாதீர்கள். எங்களுக்காவது வீட்டுக்குள் ஒதுங்க இடமிருக்கிறது.

எங்கள் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேர் பேசி முடித்திருக்கிறோம். தாங்கள் ஒரு வண்டியும், கடைக்காரர்களிடம் காட்ட ஒரு கடிதமும் தந்தால், டயர்களைச் சேர்த்து ஏற்றிவிட நாங்களே வருகிறோம். மார்கழி முதல் வாரத்துக்குள் நாள் குறித்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டை குடியிருப்போர் சார்பில்,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு தாய்.