நாக்அவுட் ஆன பையனை அடுத்த மாதமே இறக்காதீர்கள், மாஸ்டர்

மாஸ்டர் அவர்களுக்கு வணக்கம்.

அடுத்த மாதப் போட்டியின் போஸ்டரில் உங்கள் பையன் படத்தைப் பார்த்தேன். அவன் நாக்அவுட் ஆகி மூன்று வாரம்கூட முடியவில்லை. சூட்டோடு சூடாக ஒரு ஜெயிப்பு வந்துவிட்டால் பழசு மறந்துபோகும் என்பது உங்கள் கணக்கு. ஒரு எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) வீரனுக்குப் பெரிய தோல்வியைவிட அதற்கு அடுத்த சண்டைதான் ஆபத்தானது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் உடம்பு. வீடியோவில் அவன் சில விநாடி நினைவில்லாமல் கிடக்கிறான். குத்துச்சண்டை, எம்.எம்.ஏ. மருத்துவர்களின் சர்வதேசச் சங்கம் சொல்லும் கணக்கு இது: தலையில் அடிபட்டு டி.கே.ஓ. (நடுவரே சண்டையை நிறுத்துவது) என்றால் 30 நாள் ஓய்வு, நினைவு தப்பாத நாக்அவுட் என்றால் 60 நாள், நினைவு தப்பினால் 90 நாள். ஸ்பாரிங்கும், அதாவது ஜிம்மில் ஆடும் பயிற்சிச் சண்டையும், அந்த நாட்களில் கூடாது. ஹெட்கார்டு போட்டு லேசாக அடித்துக்கொள்கிறோம் என்ற சமாதானம் வேண்டாம். ஹெட்கார்டு தோல் கிழியாமல் காக்கும். மண்டைக்குள் மூளை சுழன்று குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது.

அந்த 90 நாளும் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. முதல் ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு நடை, சைக்கிள். பிறகு ஷேடோ (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது), பிறகு பேட் (பயிற்சியாளர் கையில் பிடிக்கும் திண்டில் குத்துவது), பிறகு தலையைத் தொடாத மல்யுத்தப் பயிற்சி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தலைவலியோ கிறுகிறுப்போ கூடினால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். அடி வாங்கும் பயிற்சிக்கு முன் டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். தூக்கம், வெளிச்சத்துக்குக் கண் கூசுவது, எரிச்சல் பற்றியெல்லாம் அவனைக் கேட்காதீர்கள், அவன் அம்மாவைக் கேளுங்கள். வீரர்கள் மறைப்பார்கள். எம்.எம்.ஏ. முன்னாள் சாம்பியன் ரோண்டா ரௌசி தன் மூளை அதிர்வுகளைப் பல வருஷம் மறைத்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார்.

ரௌசியையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 சண்டை, 12 வெற்றி, அதில் 9 ஆர்ம்பார் (முழங்கையை மடக்கிப் பணிய வைக்கும் பிடி). 2015 நவம்பரில் மெல்போர்னில் ஹாலி ஹோமிடம் இரண்டாம் ரவுண்டின் 59ஆவது விநாடியில் இடதுகால் உதையில் விழுந்தார். உதையை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது. முதல் ரவுண்டைப் பாருங்கள்: ஹோம் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கிறார், ரௌசி கேஜின் (சண்டைக் கூண்டின்) மூலையை அடைக்காமல் நேர்கோட்டில் துரத்தி, ஒவ்வொரு தடவையும் இடதுகை நேர்க்குத்தில் போய் முட்டுகிறார். ஓட்டை கால் நகர்வில் இருந்தது. 13 மாதம் கழித்து, இடையில் ஒரு சண்டைகூட இல்லாமல், அதே பயிற்சியாளரோடு நேராகப் பட்டத்துக்கே இறங்கினார். அமாண்டா நூனஸ் 48 விநாடியில் முடித்தார். தலை அசைவில்லை, டேக்டவுனுக்கு (எதிராளியைத் தரையில் தள்ளுவதற்கு) வழி தேடவில்லை. ஓய்வு போதுமான அளவு கிடைத்தது, ஓட்டை அப்படியே இருந்தது.

இன்னொரு சாம்பியன் ஜார்ஜ் செயின்ட் பியர் வேறு மாதிரி. 2007 ஏப்ரலில், யாரும் எதிர்பாராத மாட் செராவிடம் முதல் ரவுண்டிலேயே பட்டத்தை விட்டார். தலை கிறுகிறுத்த பிறகும் கட்டிப்பிடித்து நேரம் கடத்தாமல் நின்று பதிலடி கொடுக்கப் பார்த்ததுதான் அவர் செய்த பெரிய தப்பு. ஆகஸ்டில் பட்டம் இல்லாத சண்டைக்கு வந்தார். எதிராளி ஜோஷ் காஷ்செக், தேர்ந்த மல்யுத்தக்காரர். அவரையே டேக்டவுன் செய்து நடுவர்கள் தீர்ப்பில் ஜெயித்துக் காட்டினார். டிசம்பரில் முன்னாள் சாம்பியன் மாட் ஹியூஸை ஜெயித்தார். அதற்குப் பிறகுதான், 2008 ஏப்ரலில் மான்ட்ரியலில், செராவோடு மறுபடி சண்டை. அன்றைக்குக் குத்துக்குக் குத்து என்று நிற்கவே இல்லை. ஆரம்பத்திலேயே கீழே தள்ளினார், இரண்டாம் ரவுண்டில் விலாவில் முழங்கால் வைத்து முடித்தார். செராவிடம் தோற்ற பிறகு ஆடிய 13 சண்டையிலும் தோல்வி கிடையாது.

இன்னொரு முன்னாள் சாம்பியன் சக் லிடெலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 2008இலிருந்து 2010 வரை வரிசையாக மூன்று தடவை நாக்அவுட் ஆனார், ஓய்வு பெற்றார்; 2018இல் திரும்பி வந்தபோதும் நாக்அவுட்தான். அடி தாங்கத் தாடையைப் பலப்படுத்தும் தண்டால் கிடையாது, மாஸ்டர்.

உங்கள் பையன் விழுந்ததை அரை வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஜாப் (முன்கையால் போடும் நேர்க்குத்து) போட்ட இடதுகை மார்பு உயரத்திலேயே திரும்புகிறது; அந்த இடைவெளியில் எதிராளியின் வலது ஓவர்ஹேண்ட் (மேலிருந்து வளைந்து இறங்கும் குத்து) நுழைகிறது. முந்தைய இரண்டு சண்டையிலும் இதே பழக்கம்தான், அந்த எதிராளிகளுக்கு அது தெரியவில்லை, அவ்வளவே. அடி வாங்கும் பயிற்சிக்கு டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு, பேட் பிடிக்கும்போது ஒவ்வொரு ஜாபுக்கும் உங்கள் வலது பேட் மெதுவாக அவன் தோள் பக்கம் வரட்டும். கை கன்னத்துக்குத் திரும்பியிருந்தால் தடுத்துவிடுவான். மூன்று நிமிடம், மூன்று ரவுண்டு, வாரத்தில் நான்கு நாள். வேகம் கடைசி இரண்டு வாரத்தில் போதும்.

இன்னொன்று, இதை நம் ஜிம்களில் யாரும் செய்வதில்லை. 30 விநாடி பர்பீ (தண்டால் போட்டு எழுந்து குதிக்கும் பயிற்சி) போட வைத்து, மூச்சு வாங்கும்போதே ஒருவர் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அவன் குத்தக் கூடாது. கிளிஞ்சோ (நின்றபடி கட்டிப்பிடிப்பது) ஒற்றைக்கால் பிடியோ போட்டு 20 விநாடி விடாமல் தொங்க வேண்டும். அடிபட்ட தலை யோசிக்காது, அதனால் கை தானாகப் பிடிக்கப் பழகியிருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது எடை குறைக்க வைக்காதீர்கள். ஒரு பிரிவு மேலேயே ஆடட்டும். எதிராளி சப்பையாகவும் இருக்கக் கூடாது, வலதுகையில் வெடிப்பவனாகவும் இருக்கக் கூடாது. மூன்று ரவுண்டும் கட்டிப் புரளும் மல்யுத்தக்காரன் ஒருவனைத் தேடுங்கள்.

போட்டி நடத்துபவரிடம் இந்த வாரமே பேசிப் பெயரை எடுத்துவிடுங்கள். காயம் என்று சொன்னால் போதும், அது பொய்யும் இல்லை.