உலர்த்தும் மந்திரமும் ஒரு அகழியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில், விடுமுறை விளையாட்டுகள் பற்றிய பக்கத்தில், டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸுக்கும் நான்கு வரி ஒதுக்கியிருந்தீர்கள். ‘பகடை உருட்டி அரக்கர்களைக் கொல்லும் ஆட்டம்’ என்று அதில் இருந்தது. பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கல்யாணத்துக்குப் போய்வந்தவர் ‘அங்கே இலை போட்டார்கள்’ என்று மட்டும் சொன்னால் எப்படியிருக்கும்? அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் போகும். வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள், அகழி கதையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் 1985-இல் அஞ்சல் உதவியாளராகச் சேர்ந்து, சப்-போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவன். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்து பிள்ளைகள் கூடுவார்கள். ஒன்பதாவது படிக்கும் என் பேத்தி, மாடி வீட்டு அண்ணன் தம்பி, பேத்தியின் வகுப்புத் தோழிகள் இருவர். முன்பு என் மாப்பிள்ளைதான் அவர்களுக்கு ஆட்டம் நடத்தினார். அவருக்கு வெளியூர் மாற்றல் வந்ததும், ‘தாத்தா சும்மாதானே இருக்கார்’ என்று என்னைப் பிடித்து டி.எம். ஆக்கிவிட்டார்கள். டி.எம். (டஞ்சன் மாஸ்டர்) என்றால் கதை சொல்லி, ஊரை உண்டாக்கி, கடைக்காரர், காவலாளி, வில்லன் என எல்லோருக்குமாக வாயைத் திறப்பவர். பிள்ளைகள் ஆளுக்கொரு கேரக்டர். என் பேத்தி மந்திரவாதி.

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உண்டாக்கிய ஆட்டம் இது. மேஜையில் போர்வீரர் பொம்மைகளை நகர்த்தி ஆடும் ஆட்டத்திலிருந்து கிளைத்தது. அதனால் விதிப் புத்தகத்தில் நிறையவே சண்டைதான். அதைத் தாண்டி எனக்குப் பிடித்துப்போனது ‘கேன்ட்ரிப்’ என்ற சின்ன மந்திரங்கள். 1982-இல் ‘டிராகன்’ என்ற மாத இதழில் கைகாக்ஸ் இவற்றுக்குப் பெரிய பட்டியலே எழுதினார். உப்புப் போட ஒரு மந்திரம், இனிப்பாக்க ஒன்று, தைக்க ஒன்று, முடிச்சுப் போட ஒன்று, தூசு தட்ட ஒன்று, ஈரம் போக்க ஒன்று. எதிரில் இருப்பவரைத் தும்ம வைக்க, கொட்டாவி விட வைக்க, ஏப்பம் விட வைக்கக்கூட உண்டு. (மாடி வீட்டுத் தம்பி இந்தக் கடைசி மூன்றைத் தவிர வேறெதையும் காதில் வாங்கவில்லை.) மந்திரம் படிக்கும் மாணவன் முதலில் கற்பது இவைதானாம். எனக்குப் பெரிய மந்திரவாதி யாரையும் தெரியாது, ஆனால் இந்த மாணவனைத் தெரியும். சேர்ந்த புதிதில் நானும் முத்திரை குத்தவும், அரக்கு உருக்கிப் பைக்குச் சீல் வைக்கவும்தான் கற்றேன். அந்தப் பட்டியல் புத்தகத்தில் வந்ததும் அதே 1985-இல்தான்.

அந்தக் காலத்து விதிப்படி மந்திரவாதி காலையில் மனப்பாடம் செய்ததை ஒரு தடவைதான் சொல்லலாம். சொன்னதும் மறந்துபோகும். முதல் நிலை மந்திரம் ஒன்றை விட்டுக்கொடுத்தால் அந்த இடத்தில் நான்கு கேன்ட்ரிப் வைத்துக்கொள்ளலாம். ஆக, உப்புப் போடுவதற்கும் ஒரு விலை இருந்தது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் கேன்ட்ரிப்பை ஒரு நாளைக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், மந்திரம் எழுதுகிறவனுக்குத் தலைவலி. எத்தனை தடவை என்ற கணக்கு போய்விட்டது. இனி எவ்வளவு, எவ்வளவு நேரம், எதைச் செய்யாது என்ற மூன்றையும் மந்திரத்துக்குள்ளேயே எழுதியாக வேண்டும்.

புத்தகத்தில் உள்ள நல்ல மந்திரங்கள் இதைச் செய்திருக்கின்றன. மாயக் கை ஒன்று வரும். முப்பது அடி தூரம் வரை போகும், பத்து பவுண்டுக்கு மேல் தூக்காது, யாரையும் அடிக்காது. கிழிசல் ஒட்டும் மந்திரம் ஒரு அடிக்கு மேற்பட்ட கிழிசலைத் தொடாது, ஒரு நிமிடம் பொறுமையாகச் செய்ய வேண்டும். பார்சலை எடை போட்டு, தாண்டினால் திருப்பிக் கொடுத்தே காலம் தள்ளியவனுக்கு இதெல்லாம் படிக்க இனிக்கிறது.

அளவு போடாமல் எழுதினால் என்ன ஆகும் என்பதை அனுபவித்துக் கற்றேன். நானே எழுதிய முதல் மந்திரம் ‘உலர்த்து’. கைகாக்ஸ் பட்டியலில் இருந்ததுதான், ஆனால் எங்கள் ஆட்டத்துக்காகப் புதிதாக எழுதினேன். மழைக்காலத்தில் துணி காயாமல் வீட்டம்மா படும் பாட்டைப் பார்த்து வந்த யோசனை. ‘தொட்ட பொருளில் உள்ள ஈரம் போய்விடும்’ என்று ஒரே வரி. அடுத்த வாரம் பேத்தியின் மந்திரவாதி கோட்டை அகழியில் கையை விட்டு ‘உலர்த்து’ என்றாள். தண்ணீர் பொருள் ஆகாது, ஈரமான பொருளுக்குத்தான் இந்த மந்திரம் என்றேன். ‘சரி தாத்தா, அகழியோட தரை ஈரமான பொருள்தானே?’ என்றாள். இருபது நிமிடம் வாதாடினோம். அந்தக் கோட்டைக்குள் நுழைவதற்கென்று நான் மூன்று வாரத்துக்குக் கதை வைத்திருந்தேன்.

ராத்திரி உட்கார்ந்து திருத்தினேன். ‘இரண்டு கையால் பிடித்துப் பிழியக்கூடிய துணி ஒன்று. பிழிகிற நேரம் ஆகும். தண்ணீர் மறைந்துபோகாது, காலடியில் சொட்டும்.’ அவ்வளவுதான். மந்திரத்தை ஒடுக்கிவிட்டேன் என்று பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பாலைவனத்தில் தண்ணீர் தீர்ந்தபோது என்ன நடந்தது தெரியுமா? ராத்திரி எல்லோரும் மேல்துணியைப் பாறை மேல் விரித்துவைத்து, விடியுமுன் பனியில் நனைந்த துணிகளை ஒவ்வொன்றாக உலர்த்தி, சொட்டுகிற நீரைச் சட்டியில் பிடித்தார்கள். ஐந்து பேருக்கு அரைச் சட்டி தண்ணீர் தேறியது. நான் எழுதிய எந்த வரியிலும் இந்த யோசனை இல்லை.

சாப்பாட்டு மந்திரங்களில் இந்த வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். காட்டு மந்திரம் ஒன்று உண்டு, பத்துப் பழம் கொடுக்கும். ஒரு பழம் தின்றால் அன்றைக்குப் பசியே கிடையாது. அதை எடுத்த நாளிலிருந்து எங்கள் ஆட்டத்தில் சத்திரமும் இல்லை, சமையலும் இல்லை, கடன் சொல்லிச் சாப்பிடுவதும் இல்லை. ருசி மாற்றும் கேன்ட்ரிப் அப்படியில்லை. ஒரு கன அடி அளவுக்கு உட்பட்ட பண்டத்துக்கு ஒரு மணி நேரம் வேறு ருசி வரும். பண்டம் முதலில் இருக்க வேண்டும். அதை யாரோ ஒருவர் சமைத்திருக்க வேண்டும். சுங்கச்சாவடிக் காவலாளி ஒருவன் அடிப்பிடித்த கஞ்சியோடு அழாக்குறையாக நின்றான். பேத்தி அதை நெய்ச்சோறு மணக்க மாற்றிக் கொடுத்தாள். அவன் கதவைத் திறந்துவிட்டான், எங்களோடு உட்கார்ந்து ஊர்க்கதையும் பேசினான். வினை ஒரு மணி நேரம் கழித்து வந்தது. மீதிக் கஞ்சியைச் சாப்பிட உட்கார்ந்தவர் அவனுடைய தலைவர். அடிப்பிடித்த வாசனை திரும்பி வந்தபோது வாயில் இரண்டாவது கவளம்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. புதிய விதிப்படி மந்திரவாதி மூன்று கேன்ட்ரிப்போடு தொடங்குவார். நெருப்பு எறிவதும் கேன்ட்ரிப்தான், ருசி மாற்றுவதும் கேன்ட்ரிப்தான். மூன்றே இடம் இருந்தால் உயிருக்குப் பயந்த பிள்ளை எதை எடுக்கும்? நெருப்பும் பனியும் முதலில் ஏறிக்கொள்ளும், தைக்கிற மந்திரம் பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே பையில் இரண்டையும் போட்டதுதான் தப்பு. எங்கள் கூடத்தில் ‘வீட்டு மந்திரம்’ என்று தனியாக இரண்டு இடம் கொடுத்திருக்கிறேன். யாருக்கும் காயம் உண்டாக்கும் எதுவும் அதில் வரக்கூடாது. இதைச் செய்த பிறகுதான் பேத்தியின் மந்திரவாதி எந்த ஊர்க்காரி, யாரிடம் படித்தாள் என்பதே தெரிய வந்தது. அவள் எடுத்தவை உலர்த்துவதும் முடிச்சு அவிழ்ப்பதும். சலவைக்காரர் வீட்டுப் பெண்ணாம். அதுவரை அவள் வெறும் ‘நெருப்பு எறிபவள்’.

நான் எழுதியதில் எனக்குப் பிடித்தது ‘விலாசம்’. அதுவும் முதல் தடவை வசமாகக் கவிழ்த்தது. விலாசம் எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால், அது யாருக்கோ அவர் இருக்கும் திசையில் கடிதம் இழுக்கும். பழைய தொழில் பாசத்தில் எழுதிவிட்டேன். எட்டு வாரமாகத் தலைமறைவாக இருந்த என் வில்லனுக்கு மாடி வீட்டு அண்ணன் ‘நலமா?’ என்று ஒரு கடிதம் எழுதி, மந்திரத்தைச் சொல்லச் சொன்னான். எட்டு வார உழைப்பு ஐம்பது பைசா கார்டோடு போயிற்று.

திருத்திய விதி இது. ஒரு நாளைக்கு ஒரு தடவை. கடிதம் திசை காட்டாது. பெறுநர் நீ நிற்கும் ஊரில் இருக்கிறாரா என்பதற்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ மட்டும் சொல்லும். மந்திரம் சொல்பவரோ அவருடைய கூட்டாளியோ எழுதிய கடிதம் செல்லாது. அதாவது அந்த வில்லனுக்கு உண்மையிலேயே சொல்ல ஏதாவது வைத்திருக்கும் ஒரு ஆளைத் தேட வேண்டும். தேடினார்கள். வில்லனுக்கு ஒரு அம்மா இருக்கிறாள் என்று கண்டுபிடித்தார்கள். உண்மையைச் சொன்னால், அவர்கள் கேட்ட பிறகுதான் நானே அந்த அம்மாவை உண்டாக்கினேன்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல பேத்தி எழுதினாள். உடனே வழக்கு வந்தது. இந்தக் கடிதத்தை எழுதியது யார்? எழுதிய கை மந்திரவாதியுடையது, அப்படியானால் செல்லாது என்று மாடி வீட்டுத் தம்பியே எதிர்க்கட்சி வக்கீலாகிவிட்டான். நான் யோசிக்கவே இல்லை. கவுண்டரில் உட்கார்ந்து எத்தனை பேருக்கு மணியார்டர் பாரம் நிரப்பிக் கொடுத்திருப்பேன். கீழே செய்தி எழுதுகிற இடத்தில் ‘இங்கு அனைவரும் நலம், பொங்கலுக்குக் கட்டாயம் வரவும்’ என்று எழுதியது என் பேனாதான். அதற்காகப் பொங்கலுக்குக் கூப்பிட்டது நான் ஆகிவிடுவேனா? சொன்னவர்தான் எழுதியவர், கடிதம் செல்லும் என்று தீர்ப்புக் கொடுத்தேன். அம்மா சொன்னது மொத்தம் மூன்று வரி. கூரை ஓடு மாற்றியாகிவிட்டது, மாடு கன்று போட்டது, சாப்பிட்டாயா. அன்றைக்கு இரண்டு மணி நேர ஆட்டத்தில் யாரும் பகடையைத் தொடவில்லை.

இப்போது அந்தக் கடிதத்தோடு ஊர் ஊராகப் போகிறார்கள், கடிதம் கொடுக்கும் சுற்றுக்குப் போகும் தபால்காரர் மாதிரி. மூன்று ஊர் முடிந்தது. மூன்றிலும் ‘இல்லை’. கண்டுபிடித்தால் சண்டை போடுவதா, கடிதத்தை முதலில் கொடுப்பதா என்று அவர்களுக்குள் இரண்டு கட்சி இருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுவர் பக்கத்தில் மாதம் ஒரு தடவை, பிள்ளைகளைச் சொந்தமாக ஒரு சின்ன மந்திரம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது தினமும் அலுத்துக்கொள்ளும் வேலை ஒன்றிலிருந்து அது வரட்டும். எவ்வளவு, எவ்வளவு நேரம், எதைச் செய்யாது என்பதும் அதில் இருக்க வேண்டும். அஞ்சலட்டையில்தான் எழுத வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள், இடம் குறைவாக இருந்தால்தான் பிள்ளைகள் அளவைப் பற்றி யோசிப்பார்கள். பரிசெல்லாம் வேண்டாம். தேர்ந்தெடுத்த மந்திரத்தை எங்கள் கூடத்தில் ஒரு ஞாயிறு ஆடிப் பார்த்து, எங்கே ஓட்டை என்று நானே எழுதி அனுப்புகிறேன். ஓட்டை கண்டுபிடிக்க ஐந்து பேர் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சப்-போஸ்ட்மாஸ்டர்,
கும்பகோணம்.