பச்சைத் தண்ணீரிலேயே ஷேவ் பண்ணு, தம்பி

கிளாஸ்கோ,
மார்கழி மாதம்.

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

இங்கே நான் நலம். அங்கே அப்பா, அம்மா, அப்பத்தா, அக்கா வீட்டில் எல்லோரும் நலமா? நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாடைக்குக் கீழே, சட்டைக் காலர் உரசுகிற இடம் பூராவும் சிவந்து, பொரிப்பொரியாகக் கிளம்பியிருக்கிறது. பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. லாட்ஜ் ரிசப்ஷனில் நிற்கிறவன் தினமும் மழமழவென்று வர வேண்டும் என்று மேனேஜர் சொல்கிறார். நீயும் சோழவந்தானில் காலை ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் வறட்டு வறட்டென்று இழுத்துவிட்டு ஓடுகிறாய். வெந்நீர் வைத்துப் பண்ணினால் இன்னும் எரிகிறது என்று எழுதியிருந்தாய். வெந்நீரை விட்டுவிடு. பச்சைத் தண்ணீரில் பண்ணு. ஏன், எப்படி என்று விவரமாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி படித்துவிட்டு கட்டைவிரலைக் காட்டிவிடுவாய்.

இங்கே இப்போது பொழுது விடிய எட்டே முக்கால் ஆகிறது. சாயங்காலம் நாலு மணிக்கு முன்பே பொழுது அடைந்துவிடுகிறது. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. நம் ஊரில் மார்கழி என்றால் விடியற்காலை ஸ்பீக்கரில் திருப்பாவை கேட்குமே, இங்கே ஜன்னலைத் திறந்தால் காற்று மட்டும்தான் கேட்கும். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருப்பதால் காற்று காய்ந்து, முகத்தோல் இழுத்துப் பிடிக்கிறது, உதடு வெடிக்கிறது. நான் இருப்பது பழைய கல் கட்டடம். முகம் கழுவுகிற தொட்டியில் இரண்டு குழாய், தனித்தனியாக. ஒன்றில் கை வைக்க முடியாத சூடு, மற்றதில் பல் கூசுகிற குளிர். நான் அந்தக் குளிர்ந்த குழாயைத்தான் திறக்கிறேன். இந்தக் குளிரிலும் அதுதான் என் முகத்துக்கு ஒத்துக்கொள்கிறது.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் இருக்கிற ஒரு பெரியவர். காலையில் எங்கள் முதல் வேலை, பெரியவர்களைக் குளிப்பாட்டி, ஷேவ் பண்ணி, உடை மாற்றி, சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிவருவது. எண்பது, தொண்ணூறு வயதுத் தோல் தொட்டாலே கன்றிப்போகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பிளேடே கிடையாது, மின்சார ஷேவர்தான். சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் நிற்க நேரமாகும். ஒருவருடைய ரேசரால் இன்னொருவரைத் தொடவே கூடாது. இதெல்லாம் இங்கே கண்டிப்பு.

அந்தப் பெரியவரின் பேரை எழுதக் கூடாது, அது எங்கள் வேலை ஒழுங்கு. தாத்தா என்றே வைத்துக்கொள். கிளைடு ஆற்றங்கரையில் கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டராக இருந்தவர். 1967-ல் தண்ணீரில் இறக்கிய குயின் எலிசபெத் 2 கப்பலில் தன் கையும் பட்டிருக்கிறது என்று சொல்லும்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். அவர் சின்ன வயதில் குடியிருந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்க் குழாய் ஒன்றுதானாம். கக்கூஸ் மாடிப்படித் திருப்பத்தில், நாலைந்து குடும்பத்துக்குப் பொது. அப்போது பழகியது, இன்றைக்கும் அப்படியே. வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்.

அவருக்கு ஷேவ் பண்ணுகிற முறையைச் சொல்கிறேன், கேள். முதலில் சோப்புப் போட்டு முகத்தைக் கழுவ வேண்டும். அப்புறம் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைத் தாடையிலும் கழுத்திலும் ஒற்றி வைக்க வேண்டும். ரேடியோவில் தலைப்புச் செய்தி முடிகிற வரை அந்தத் துணியை எடுக்க விடமாட்டார். நடுவில் ஒரு தடவை கையை நீட்டித் துணியை மறுபடி நனைக்கச் சொல்வார். அதற்கப்புறம்தான் பிரஷ். ரேசர் ஓடும்போது சத்தமே வராது. முடித்துத் துடைத்தால் கன்னத்தில் ஒரு சிவப்பு இருக்காது. அந்த வயதில், அந்தத் தோலில்!

விஷயமெல்லாம் அந்த ஈரத்துணி நேரத்தில்தான் இருக்கிறது. முடி தண்ணீரை உறிஞ்சி ஊதும், மிருதுவாகும். ஊறிய முடியை அறுக்க பிளேடுக்குக் கொஞ்சம் பலம் போதும். ஊறாத அரிசியை ஆட்டினால் மாவு நறநறவென்றுதான் வரும், உனக்கே தெரியும். வெந்நீர் இந்த ஊறலைச் சீக்கிரமாக்கும், அவ்வளவுதான். பச்சைத் தண்ணீரிலும் ஊறும், இரண்டு மூன்று நிமிஷம் பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாமல் பச்சைத் தண்ணீரில் இறங்கினால் வெந்நீரைவிட மோசமாக இழுக்கும். அதனால் இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதே.

நம் ஊரில் இதற்குச் சாட்சி வேண்டுமா? அக்கா மகனுக்கு அழகர்கோவிலில் மொட்டை எடுத்தோமே, நினைவிருக்கிறதா? நாவிதர் குழந்தையின் தலையில் பச்சைத் தண்ணீரைக் கை கையாக அள்ளி விட்டார். விரல் நுனியால் தேய்த்தார், மறுபடி விட்டார், மறுபடி தேய்த்தார். குழந்தை கூச்சத்தில் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. அப்புறம்தான் கத்தியை எடுத்தார். சோப்பு இல்லை, கிரீம் இல்லை, வெந்நீர் இல்லை. ஒரு கீறல் விழவில்லை. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு வைகைக் கரையில் வரிசையாக உட்கார்ந்து மொட்டை போடுகிற கூட்டத்துக்கும் இதே தண்ணீர், இதே தேய்ப்புதான். அந்தக் கைகளுக்குத் தெரிந்த வித்தையைத்தான் கப்பல் வெல்டர் தாத்தாவும் இந்த ஊரில் செய்துகொண்டிருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

இனி வெந்நீர் ஏன் உனக்கு ஆகவில்லை என்பதைச் சொல்கிறேன். சூடான தண்ணீர் தோலில் இருக்கிற எண்ணெய்ப்பசையைக் கழுவிக்கொண்டு போய்விடும். தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் விரிந்து முகம் சிவக்கும். அதன்மேல் பிளேடும் ஓடினால் எரியாமல் என்ன செய்யும்? போதாததற்கு மதுரையில் வெந்நீர் பட்ட முகம் வியர்க்கும், நுரை இளகி வழியும், வியர்வை உப்பு அறுபட்ட இடத்தில் போய்க் கடுகடுக்கும். குளிர்ந்த தண்ணீரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், சிவப்பும் எரிச்சலும் அடங்கும். தோல் டாக்டர்கள் பொதுவாக வெதுவெதுப்பான தண்ணீரைத்தான் சொல்வார்கள், முடி மிருதுவாவதற்காக. அது நிறையப் பேருக்குச் சரிதான். உன்னையும் என்னையும் மாதிரி தொட்டால் சிவக்கிற தோல்காரர்களுக்குப் பச்சைத் தண்ணீர் இதம் என்பது என் அனுபவம்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. கிளாஸ்கோ தண்ணீர் அவ்வளவு மென்மை. மலைகளுக்கு நடுவே இருக்கிற கேட்ரின் ஏரியிலிருந்து, மலையைக் குடைந்து சுரங்கம் போட்டு 1859-ல் நகரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். காலரா வந்து சனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்த ஊர் இது, நல்ல தண்ணீருக்காகத்தான் அந்தப் பாடு. விக்டோரியா ராணியே வந்து திறந்துவைத்தார். இதைக் கேட்டபோது எனக்குப் பென்னிகுக் ஞாபகம் வந்தது. நம் வயலுக்குப் பாய்கிற பெரியாற்றுத் தண்ணீரும் 1895-ல் மலையைக் குடைந்து கொண்டுவந்ததுதானே! இந்த ஏரித் தண்ணீரில் சோப்பைக் காட்டினாலே நுரை பொங்கும். நம் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு திரிந்துபோகும், வாளி ஓரத்தில் வெள்ளையாகப் படியும். கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சோப்போடு சேர்ந்து அப்படி ஆகிறது. நுரை மெலிந்தால் பிளேடுக்கும் தோலுக்கும் நடுவில் வழுக்கல் இருக்காது. அதனால் ஷேவுக்கு மட்டும் குடிதண்ணீரில் ஒரு செம்பு எடுத்து வை. சித்திரை, வைகாசியில் சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீர் கொதிக்குமே, அப்போது மண்பானைத் தண்ணீர். பிரிட்ஜ் தண்ணீர் தேவையில்லை.

இனி கையை எப்படிப் பிடிப்பது என்று பார். கிரீமைப் பிரஷில் எடுத்து முகத்திலேயே வட்ட வட்டமாகத் தேய். குளிர்ந்த தண்ணீரில் நுரை வர நேரமாகும், நாலு சொட்டு நாலு சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போ. முடி எந்தப் பக்கம் படிந்து வளர்கிறது என்று முதலில் விரலால் தடவிப் பார். ஒரு பக்கம் தடவினால் வழவழப்பாக இருக்கும், எதிர்ப்பக்கம் முள்ளாகக் குத்தும். வழவழப்பாக இருக்கிற திசையில்தான் ரேசரை ஓட்ட வேண்டும். கழுத்தில் நிறையப் பேருக்கு முடி குறுக்காகவோ மேல்நோக்கியோ வளரும். உன் போட்டோவில் இடது பக்கம் அப்படித்தான் தெரிகிறது. நீ மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தால் அங்கே எதிர்த்து இழுக்கிறாய் என்று அர்த்தம். அழுத்தாதே, ரேசரின் கனமே போதும். சின்னச் சின்ன இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடை அலசு. நுரை போன இடத்தில் வெறும் தோலில் மறுபடி இழுக்காதே.

நீ வைத்திருக்கிற மூன்று நாலு பிளேடு ரேசரையும் கொஞ்ச நாள் ஒதுக்கி வை. முதல் பிளேடு முடியைப் பிடித்து இழுக்கும், பின்னால் வருகிற பிளேடு வெட்டும். வெட்டின முனை தோலுக்குக் கீழே போய்விடும். சுருட்டை முடிக்காரர்களுக்கு அந்த முனை வளைந்து தோலுக்குள்ளேயே குத்தி வளரும். உன் கழுத்தில் இருக்கிற பொரியெல்லாம் பெரும்பாலும் அதுதான். கிங் ஜில்லெட் என்கிற அமெரிக்கர் 1904-ல் காப்புரிமை வாங்கினாரே இரண்டு பக்க பிளேடு ரேசர், அந்த வகை ஒன்று அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள். துருப்பிடித்திருந்தால் வேண்டாம், விளக்குத்தூண் பக்கம் புதிதாக வாங்கு. ஒரு பிளேடை ஐந்து, மிஞ்சினால் ஏழு தடவைக்கு மேல் வைத்துக்கொள்ளாதே. உதறி, ஈரமில்லாத இடத்தில் வை. சலூனுக்குப் போனால் உன் கண் முன்னால் புது பிளேடைப் பேப்பரோடு உடைத்துப் பாதியைக் கத்தியில் போடச் சொல். கூச்சப்படாதே, மஞ்சள் காமாலை ரத்தம் வழியாகவும் வரும்.

முடிந்ததும் மறுபடி பச்சைத் தண்ணீரை நன்றாக அடித்துக் கழுவு. படிகாரக் கல்லை நனைத்து லேசாக ஒரு தடவை தடவி, கொஞ்ச நேரத்தில் கழுவிவிடு. சின்ன ரத்தப்பொட்டு உடனே நிற்கும். பொரி உடைந்த இடத்தில் மட்டும் தடவாதே. வாசனை ஆப்டர்ஷேவ் வேண்டாம், அதில் இருக்கிற ஸ்பிரிட் உன் தோலைக் காயப்போடும். மணமில்லாத மாய்ஸ்சரைசர் போதும்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதாவது ஸ்டீராய்டு கிரீமை நீயாக வாங்கிப் பூசிவிடாதே. முதலில் சிவப்பு குறைந்த மாதிரி இருக்கும், போகப் போகத் தோல் மெலிந்து வேறு தொந்தரவெல்லாம் வரும். பொரியை நகத்தால் கிள்ளாதே, ஊசியால் நோண்டாதே. சீழ் வைத்தால் பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போய்க் காட்டு. இப்போதைக்குக் கழுத்து ஆறுகிற வரை பிளேடே படாமல் இருப்பதுதான் நல்லது. டிரிம்மரால் ஒட்ட வெட்டிக்கொண்டு வருகிறேன், கொஞ்ச நாளைக்கு அனுமதி கொடுங்கள் என்று மேனேஜரிடம் இந்தப் போட்டோவைக் காட்டிக் கேள். வாய் திறந்து கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

வேலைக்குப் போகிற அவசரம் இருக்கிறதே என்பாய். முகத்தைக் கழுவி ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு அந்த மூன்று நிமிஷத்தில் சட்டையைத் தேய்த்துவிடலாம். நான் இங்கே அந்த நேரத்தில்தான் டீ போடுகிறேன்.

பொங்கலுக்கு நான் இல்லை என்று அம்மா வருத்தப்பட வேண்டாம். இங்கே தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஹாலில் பொங்கல் வைக்கிறார்கள், நானும் போகிறேன். அப்பாவை வெற்றிலைக் கொடிக்கால் பக்கம் இந்தப் பனியில் விடியற்காலையிலேயே போக வேண்டாம் என்று சொல். அப்பத்தாவைக் கண்ணுக்கு அரவிந்துக்குக் கூட்டிப்போகிற தேதி முடிவானதும் எழுது. பணத்தை அதற்கு முன்பே உன் கணக்கில் போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
அன்புடன் உன் அண்ணன்