விண்வெளிக் கழிவைக் கண்காணிப்போருக்கு இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைவர், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம், பெங்களூரு.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

குலசேகரன்பட்டினம் ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது முதல், ராக்கெட் துண்டு நம் கடலில் விழுமா என்ற பேச்சு மூக்கையூரிலிருந்து பாம்பன் வரை படகுத்துறைகளில் அடிபடுகிறது. இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே தெற்கே ஏவலாம் என்பதே அவ்விடத்தின் சிறப்பு; கீழ் அடுக்குகள் விழும் கடற்பரப்பும் முன்கூட்டியே கணக்கிடப்பட்டு அறிவிக்கப்படும் என்பதால் அவற்றைக் குறித்து எனக்குப் பெரிய கவலையில்லை. செயற்கைக்கோளை விடுவித்தபின் தானும் சுற்றுப்பாதையிலேயே தங்கிவிடும் மேல் அடுக்கைக் குறித்தே எழுதுகிறேன்.

2017 பிப்ரவரி 15 அன்று 104 செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்ற பி.எஸ்.எல்.வி-சி37 ராக்கெட்டின் மேல் அடுக்கு, ஏழரை ஆண்டுகளுக்கு மேல் சுற்றிவிட்டு 2024 அக்டோபர் 6 அன்று வட அட்லாண்டிக் பகுதியில் வளிமண்டலத்துக்குள் நுழைந்தது. சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் கிரையோஜெனிக் (மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளால் இயங்கும்) மேல் அடுக்கு 124 நாட்களில் வட பசிபிக் பக்கம் இறங்கியது. இரண்டையும் தங்கள் அமைப்பு கண்காணித்து அறிக்கை வெளியிட்டது. 2030க்குள் கழிவற்ற விண்பயணங்கள் என்ற தங்கள் இலக்கும் வரவேற்கத்தக்கதே; ஆனால் ஏற்கெனவே மேலே சுற்றுபவையும் பிற நாட்டுப் பொருள்களும் அந்த இலக்கிற்குக் கட்டுப்பட்டவை அல்லவே.

கணிப்பின் எல்லை தெரிந்துதான் கேட்கிறேன். சூரியனின் சீற்றத்தால் மேல் வளிமண்டலம் விரிந்தால் இழுவை கூடிக் கணக்கு மாறிவிடும்; ஒரு நாள் முன்னதாகச் சொல்லும் நேரத்தில்கூடச் சில மணி நேரப் பிழை இருக்கும்; ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் உலகை ஒருமுறை வலம்வரும் பொருளுக்கு அதுவே பல சுற்றுகள். ஆகவே பாதை மன்னார் வளைகுடாவைக் கடக்கும்போதெல்லாம் கடலுக்குப் போகாதீர்கள் என்று தடுத்தால், 61 நாள் தடைக்காலமும் புயல் எச்சரிக்கையும் போக எஞ்சும் தொழில் நாட்களும் பறிபோகும். அப்படியொரு எச்சரிக்கை வேண்டவே வேண்டாம்.

வேண்டுவது எளிய தமிழில் ஒரு குறிப்பு. எந்தப் பொருள், எப்போது நுழையும், முன்பின் எத்தனை மணி நேரப் பிழை, எங்கள் கடல் அதன் பாதையில் உள்ளதா என்பவற்றைப் புயல் செய்தி வரும் அதே மீன்வளத் துறை வழியில் அனுப்புங்கள். முடிந்தபின் எங்கே இறங்கியது என்ற இரண்டாம் குறிப்பையும் தவறாமல் அனுப்புங்கள். வதந்தியை அடக்குவது அதுதான்.

டைட்டானியம் வாயுக் கலன்கள் எரியாமல் தப்பி வருவதுண்டு. எரிபொருள் கலனில் ஹைட்ரசின் வகை நச்சு எஞ்சியிருக்கக்கூடும். வலையில் ஏறிய உலோக உருண்டையைப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோவது எங்கள் பக்கத்தில் இயல்பு என்பதால், தொடாமல் யாரிடம் தெரிவிப்பது என்பதை ஒவ்வொரு இறங்குதளத்திலும் படத்துடன் எழுதி வைக்கச் செய்யுங்கள்.

இழப்பீட்டைப் பொறுத்தவரை, 1972ஆம் ஆண்டுப் பன்னாட்டு ஒப்பந்தம் பிற நாட்டுப் பொருளால் நேரும் சேதத்திற்கு வழி சொல்கிறது. ஏவிய நாடு தன் சொந்தக் குடிமக்களுக்கு இழைக்கும் சேதத்திற்கு அது பொருந்தாது. எனவே வலையோ படகோ சேதமுற்றால், விழுந்தது எவருடையது என்று நிறுவ மீனவருக்குத் தங்கள் கண்காணிப்புப் பதிவைப் போன்ற சான்று வேறில்லை. கேட்பவருக்கு இறுதிச் சுற்றுகளின் பதிவைக் கட்டணமின்றி வழங்க, குலசேகரன்பட்டினத்தின் முதல் ஏவுதலுக்கு முன்பே ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மண்டபம் கடலோரவாசி ஒருவன்