ஜன்னலோரத்தில் ஒரு தோல்

அன்புள்ள செல்வி,

நீ வாங்கிக் கொடுத்த தூண்டில் கம்பு அலமாரி மேல் தூசி தின்கிறது என்று போன தடவை குத்திக் காட்டினாயே, எடுத்துவிட்டேன். ஜூன் முதல் வாரம் ஒரு நாள் மீன்பிடிச் சீட்டு வாங்கிக்கொண்டு, இங்கே தெற்கு இங்கிலாந்தில் ஓடும் டெஸ்ட் ஆற்றுக்குப் போனேன், ஸ்டாக்பிரிட்ஜ் பக்கம். சீட்டு விலையில் பாதிதான் உங்கம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். காட்டிக் கொடுத்துவிடாதே.

சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து ஊறி வரும் ஆறு. அடியில் கிடக்கும் கல் வரை தெரியும். மீனுக்கும் நாம் தெரிவோம். இங்கே பிடிப்பது ட்ரவுட் மீன்; அது நீரோட்டத்தை எதிர்த்தே நிற்பதால், அதன் முதுகுப் பக்கமிருந்து மேல்நோக்கி வீச வேண்டும். 1886-ல் ஹால்ஃபோர்டு என்ற தூண்டில்காரர், முள்ளில் கட்டி மிதக்க விடும் பொய் ஈக்களைப் பற்றி எழுதியதிலிருந்து இந்தப் பக்கம் அதுதான் வேதம்.

மதியம் இரண்டு மணி வரை ஒன்றுமில்லை. அப்புறம் ஆரம்பித்தது. நம் ஊரில் மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்புமே, அந்தக் கதைதான், இங்கே ஆற்றுக்குள்ளிருந்து. மேஃபிளை என்கிறார்கள். இரண்டு வருடம் ஆற்றுச் சேற்றில் கிடந்துவிட்டு மேலே வந்து, தோலைக் கிழித்து, இறக்கையைப் படகுப் பாய் மாதிரி நிமிர்த்திக்கொண்டு தண்ணீர் மேலேயே மிதந்து போகிறது. பறந்து தப்பும் வரை ட்ரவுட்டுக்கு விருந்து. களுக்கென்று ஒரு சத்தம், ஒரு வளையம், ஈயைக் காணோம்.

என் முள்ளில் இருந்தது இறகு சுற்றிய பொய் ஈ. நனையாமலிருக்கக் களிம்பு தடவி விட்டேன். அரை மணி நேரம் ஒரு மீனும் சீண்டவில்லை. நடு ஆற்றின் வேகம் தூண்டில் நரம்பை இழுக்க, ஈயும் தண்ணீரைக் கீறிக்கொண்டே போனது. எந்த ஈ அப்படிப் போகும்? நரம்பைத் தளர விட்டு வீசினேன். உடனே ஒன்று வந்தது. அது வாயைத் திறந்ததும் நான் வெடுக்கென்று இழுக்க, ஈ என் தொப்பியில் மாட்டியது. இரண்டாவதும் அப்படியே போனது. தாமிரபரணியில் தக்கை அமுங்கியதும் சுண்டிப் பழகிய கை, ஐம்பது வருடம் கழித்தும் திருந்தவில்லை.

ஆற்றுக் காவலர் பார்த்துச் சிரித்தார். மீன் வாயை மூடித் திரும்பும் வரை மனசுக்குள் "காட் சேவ் த கிங்" சொல்லிவிட்டு அப்புறம் தூக்கு என்றார். ராணி இருந்தவரை ராணியாம். நமக்கெதற்கு ராஜா, நான் "முருகா முருகா" என்றேன். நேரம் சரியாக இருந்தது, மீன் மாட்டியது.

ஒரு முழம் இருக்காது. வெண்ணெய் நிற வயிறு, பக்கவாட்டில் கருப்பும் சிவப்புமாகப் பொட்டுகள். தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றினேன். கொஞ்ச நேரம் என் கையிலேயே செவுளை அசைத்துக்கொண்டு நின்றது, பிறகு போய்விட்டது. "பிடிச்சதை விட்டுட்டு வரவா இவ்வளவு காசு?" என்றாள் உங்கம்மா. பாதி விலைக்கே இந்தப் பேச்சு. அன்று ராத்திரி ஐஸ் பெட்டி வஞ்சிரத்தில்தான் குழம்பு.

என் காலரில் ஒட்டிக்கொண்டு ஒரு மேஃபிளை வீடு வரை வந்திருக்கிறது. காலையில் ஜன்னலோரம் பார்த்தால் ராத்திரியோடு ராத்திரியாக மறுபடியும் தோலுரித்திருந்தது. இறக்கை வந்த பிறகும் தோல் உரிப்பது பூச்சிகளிலேயே இந்த இனம் மட்டும்தானாம். முந்தின நாள் மங்கலாக இருந்த இறக்கை, கண்ணாடி மாதிரி மின்னியது. ஜன்னலைத் திறந்து விட்டேன். தோலை, மூன்று வாலும் உடையாமல், டிஷ்யூவில் மடித்து இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துப் பிரி.

அன்புடன்,
அப்பா