வெள்ளவத்தை நற்சிந்தனை வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமிகளின் பாடல் தொகுப்பான நற்சிந்தனையை வெள்ளிக்கிழமைகளில் ஓதுவது, மழை வெள்ளம் காலி வீதியை மறித்த வாரங்கள் நீங்கலாக, ஒழுங்காக நடந்தது. மண்டப வாடகை மீண்டும் ஏறியிருக்கிறது.

செயற்குழுவைப் பெரிதும் அலைக்கழித்தது, சுவாமிகள் சமாதியடைந்த நாளை நினைவுகூரும் பங்குனி ஆயிலியக் குருபூசைதான். யோகர் சுவாமிகள் 1964இல் சமாதியடைந்த பின் அவர் வழி ஓரிடத்தில் தங்கவில்லை. வண்ணார்பண்ணையிலும் செங்கலடியிலும் உள்ள சிவதொண்டன் நிலையங்கள் தியானத்தையும் மௌனத்தையும் போற்றுபவை. ஆரவாரம் அங்கே ஆகாது. ஹவாயின் கவாய் ஆதீனமோ ஆங்கில நூல்களும் சஞ்சிகையுமாக உலகெங்கும் பேசுகிறது. அதை நிறுவிய சிவாய சுப்பிரமுனியசுவாமி 1949இல் சுவாமிகளைச் சந்தித்தார். அப்போது சுவாமிகள் அவர் முதுகில் அறைந்த அறையையே ஆதீனத்தார் தீட்சை என்கிறார்கள். அதைப் பரம்பரை உரிமையாக ஏற்காதவர்கள் நம் வட்டத்திலும் உண்டு. சுவாமிகளின் மேலைநாட்டுச் சீடர்களான, செல்வச்சந்நிதியில் ஆச்சிரமம் அமைத்த ஜெர்மன் சுவாமி கௌரிபாலா, முன்னாள் இலங்கை மகாதேசாதிபதி சோல்பரி பிரபுவின் மகனான சந்தசுவாமி ஆகியோர் எந்தக் கணக்கில் சேருவார்கள் என்று ஆடி மாதச் சொற்பொழிவில் ஒருவர் கேட்டார். பேச்சாளர் தண்ணீர் குடித்துக்கொண்டார்.

குருபூசைக்குத் திரையில் ஆங்கில மொழிபெயர்ப்பும் சிறப்புரையும் வேண்டுமென்றது ஒரு தரப்பு. ஒலிவாங்கியே கூடாதென்றது மறு தரப்பு. சுவாமிகள் இருந்திருந்தால் இரு தரப்பையும் ஏசித் துரத்தியிருப்பார் என்பது என் எண்ணம். முடிவில் ஒலிவாங்கியை நிறுத்தி, சுருதிப் பெட்டியும் தாளமும் மட்டும் வைத்தோம். ஆங்கிலம் தேவைப்பட்டவர்களுக்கு அச்சுத் தாள் கொடுத்தோம். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் அந்தத் தாளில் விரலை ஓட்டியபடி பாட முயன்றார்கள். பக்கத்திலிருந்த மூத்த அங்கத்தவர் ஒருவர், முதுகு பிய்ந்து நூலால் கட்டியிருந்த தம் நற்சிந்தனைப் புத்தகத்தைத் திறக்காமலே மடியில் வைத்துப் பாடினார். பிள்ளைகள் அடியைத் தவறவிட்டபோதெல்லாம் குரலை உயர்த்தி இழுத்துச் சென்றார். அதன்பின் அரை மணி மௌனம். அடியார்களுக்கு அன்னமிடும் மகேஸ்வர பூசையும் குறைவின்றி நிறைவேறியது. சிறப்புரை இல்லாததை யாரும் முறையிடவில்லை.

நம் வட்டத்தை ஏதேனும் ஒரு நிலையத்துடன் முறைப்படி இணைக்க வேண்டும் என்ற பிரேரணை இன்று உங்கள் முன் வருகிறது. இணைய வேண்டாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. எல்லாத் தரப்பு நூல்களையும் வாங்குவோம். எல்லாத் தரப்பு அடியார்களுக்கும் பாய் விரிப்போம். வாக்கெடுப்பைத் தேநீருக்கு முன்னரே நடத்துமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். தேநீருக்குப் பின் கோரம், அதாவது கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, நிற்பதில்லை.

செயலாளர்