எங்கள் வீட்டு வரியை வாங்கிக்கொள்ளுங்கள்

மதிப்பிற்குரிய நாட்டாமை அவர்களுக்கும் கோயில் பஞ்சாயத்துப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

சித்திரைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்னால் வரி தண்ட நீங்கள் எங்கள் தெருவுக்கு வந்தீர்கள். இந்தப் பக்கத்து வீட்டில் நின்றீர்கள், அந்தப் பக்கத்து வீட்டில் நின்றீர்கள், எங்கள் வாசலில் நிற்கவில்லை. மறந்திருப்பீர்கள் என்று நினைத்து, சாயங்காலம் நானே 2,000 ரூபாயை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தேன். கணக்கு எழுதுகிற தம்பி, வரி கட்டும் குடும்பங்களின் பெயர் எழுதிய தலைக்கட்டு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, தலைக்கட்டுல ஒங்க பேரு இல்லண்ணே" என்றான். சொல்லிவிட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டான். நீங்கள் ஐந்து பேரும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள்.

ஒரு ஊரில் வரி கேட்காமல் விட்டால் அந்தக் குடும்பத்தை ஊர் தள்ளிவைத்துவிட்டது என்று அர்த்தம்; டெல்டாவில் பிறந்த யாருக்கும் இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். எங்கள் வரியை வாங்கிக்கொள்ளுங்கள். சுடுகாட்டில் எங்களுக்கு ஒரு குழிக்கு இடம் கொடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

அப்பா வள்ளலார் வழியில் போனது ஊருக்கே தெரியும். இளவயதில் ஒரு தைப்பூசத்துக்கு வடலூர் போய், ஏழு திரை விலக்கி ஜோதி காட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு மீன்கூடத் தொடவில்லை. அம்மன் கோயிலோடு அவருக்குச் சண்டை கிடையாது. கிடா வெட்டுக்கென்று தனியாகப் பிரிக்கும் பணத்தை மட்டும் தரமாட்டார்; பந்தலுக்கும் விளக்குக்கும் கேட்டதைவிட நூறு ரூபாய் கூடவே கொடுப்பார். இருந்தவரை அதை நீங்கள் வாங்கிக்கொண்டுதான் இருந்தீர்கள். உயிரோடு இருந்தவரைக்கும் அவருடைய நம்பிக்கை உங்களுக்குப் பொறுத்துக்கொள்ளக்கூடியதாகத்தான் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முந்தைய கார்த்திகையில் நடந்ததைப் பற்றிப் பேச வேண்டாம் என்றுதான் அம்மா சொல்கிறது. ஆனால் பேசாமல் இருந்ததால்தான் இன்று நோட்டிலிருந்தும் பெயர் போயிருக்கிறது.

விடியற்காலையில் அப்பா போய்விட்டார். தன்னை எரிக்க வேண்டாம், புதைக்க வேண்டும், கருமாதி செய்ய வேண்டாம், அம்மாவின் தாலியை வாங்க வேண்டாம் என்று தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். இது அவராகக் கண்டுபிடித்தது இல்லை. நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே வள்ளலார் சொன்னது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மழையில் உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்தேன். "எரிக்கிறதா இருந்தா ஊர் வரும், பொதைக்கிறதா இருந்தா நீயே தூக்கிக்கிட்டுப் போ" என்றீர்கள். வெளியூரிலிருந்து சன்மார்க்க அன்பர்கள் இரண்டு பேர் வந்தார்கள், என் மைத்துனர் வந்தார், அப்புறம் நான். நாலு பேர் கிடைத்துவிட்டோம் என்று கிளம்பினால், வாய்க்கால் மதகுக்குக் குறுக்கே டிராக்டர் நின்றது. மறுபடியும் வீட்டுக்கே தூக்கி வந்தோம்.

மின்சாரம் இல்லை. வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர் ஓடினால்தான் குளிர்பெட்டி வேலை செய்யும். டீசல் வாங்கப் போகக்கூட ஆள் இல்லை. பத்தாவது படிக்கிற என் பையன் சைக்கிளில் போனான். எதிர்வீட்டுத் திண்ணையில் குடை பிடித்துக்கொண்டு நின்ற மாமா முந்தானை இல்லாத குறையாக அழுதுகொண்டிருந்தார். சின்ன வயதில் என்னைத் தோளில் வைத்துத் தேர் காட்டியவர். அவர் திண்ணையை விட்டு இறங்கவில்லை. மாமா, அது உங்கள் குற்றமில்லை என்று எனக்குத் தெரியும். இறங்கினால் உங்கள் வீட்டுச் சாவுக்கு யார் வருவார்கள் என்று நீங்கள் பயந்திருப்பீர்கள்.

ராத்திரி எட்டு மணிக்கு நான் சரி என்றேன். சொன்ன பத்தாவது நிமிடம் தெருவெல்லாம் குடை. பறை வந்தது, சங்கு வந்தது, பச்சை மூங்கில் வந்தது. பெண்கள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார்கள். மதகை விட்டு டிராக்டர் விலகியது. நனையாத விராட்டி அந்த நேரத்தில் யார் வீட்டிலிருந்தோ வந்தது. வைக்கோல் போட்டுக் களிமண் பூசி மூட்டம் போட்டார்கள். எரிக்காதே என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போன மனிதருக்கு நானே கொள்ளி வைத்தேன். திரும்பிப் பார்க்காமல் வா என்றார்கள். வந்துவிட்டேன்.

ஊர் வராமலே இருந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அத்தனை பிரியத்தையும் பகல் முழுக்கக் கட்டி வைத்திருந்துவிட்டு, நான் தோற்ற பிறகு அவிழ்த்து விட்டீர்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

பதினாறாம் நாள் தாலி வாங்கச் சம்மதிக்க மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டது. அவர் எழுதியதில் ஒன்றையாவது நான் காப்பாற்றுகிறேன் என்றது. அதிலிருந்துதான் வாசல் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டது. அடுத்த வீட்டுக் காதுகுத்துக்குப் போய், தாலியோடு நிற்கிற அம்மாவைப் பார்த்து யாரோ ஏதோ சொல்ல, சாப்பிடாமல் திரும்பி வந்தது. இப்போது அம்மா பால் ஊற்றக்கூட வாசலுக்கு வருவதில்லை.

புதைக்கிற வழக்கம் நம் ஊரில் இல்லை என்பது நீங்கள் சொன்ன காரணம். பச்சைக் குழந்தை இறந்தால் அதே ஆற்றங்கரையில் என்ன செய்கிறோம்? புதைக்கத்தானே செய்கிறோம்? திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீன மடங்களில் தலைவரான சன்னிதானம் பரிபூரணம் அடைந்தால் எரிக்கிறார்களா? சமாதி வைத்து, குருபூசை செய்கிறார்கள். அந்தக் குருபூசைக்குப் போய் இலை போட்டுச் சாப்பிட்டு வந்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். ஐப்பசி கார்த்திகையில் நாலடி தோண்டினால் தண்ணீர் ஊறும் என்றீர்கள். உண்மைதான், நானும் விவசாயிதான். ஆனால் வடக்குப் பக்கத்துத் திட்டில் ஊறாது என்பது உங்களுக்கும் தெரியும். சரி, சொந்தக் கொல்லையில் வைத்துக்கொள்கிறேன் என்றதற்கு, அனுமதியில்லாத இடத்தில் புதைக்கக் கூடாது என்று சட்டம் பேசியவரும் உங்களில் ஒருவர்தான். அனுமதியுள்ள இடத்துக்குப் போகும் வழியில் டிராக்டரை நிறுத்தியதும் நாம்தான்.

ஒன்றை மனம்விட்டுச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் கோபம் குழியின் மேல் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மாதாமாதம் பூசத்தன்று அப்பா கஞ்சி காய்ச்சி ஊற்றினார். காலனித் தெருப் பிள்ளைகளும் நம் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள், அவரும் அந்த வரிசையிலேயே உட்கார்ந்து குடித்தார். அதை நிறுத்தச் சொல்லி எத்தனை தடவை ஆள் அனுப்பினீர்கள்! பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றுவதை எதிர்த்து ஊர் கூட்டிப் பேச முடியவில்லை. அந்தக் கணக்கைப் பாடையில் தீர்த்துக்கொண்டீர்கள்.

வள்ளலார் பிறந்த அக்டோபர் 5ஐத் தனிப்பெருங்கருணை நாள் என்று அரசாங்கம் கொண்டாடுகிறது. 1867இல் அவர் வடலூர் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது, போகிறவர் வருகிறவர் எல்லோரும் சாப்பிடுகிறார்கள். நம் ஊரிலிருந்து வேன் வைத்துப் போகிறவர்களும் சாப்பிடுகிறார்கள். அவர் படத்துக்கு மாலை போடுவதில் யாருக்கும் தடையில்லை. அவர் சொன்னபடி ஒரு குடும்பம் நடந்தால் மட்டும் அந்தக் குடும்பம் ஊருக்கு ஆகாததாகிவிடுகிறது. கறுப்புச் சட்டைத் தோழர் ஒருவர் நம் ஊரில் இறந்தபோது சடங்கே இல்லாமல் எடுத்தார்கள். ஒருவரும் மதகை மறிக்கவில்லை. அவருக்குப் பின்னால் கட்சிக்காரர்கள் மூன்று வேனில் வந்திருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? கோயிலுக்குப் போகிறவர்கள் எங்களைச் சாமி இல்லாதவர்கள் என்கிறார்கள். சாமி இல்லை என்கிறவர்கள் எங்களைச் சாமியார் கூட்டம் என்கிறார்கள்.

தாசில்தாரிடம் போகலாம், கோட்டாட்சியரிடம் போகலாம் என்று பலர் சொன்னார்கள். சுடுகாடு ஊராட்சிப் புறம்போக்கு, யாருக்கும் பட்டா இல்லை. மனச்சாட்சிப்படி வாழும் உரிமையை அரசியலமைப்பின் 25ஆவது பிரிவே கொடுத்திருக்கிறது. மனுப் போட்டால் குழிக்கு இடம் கிடைத்துவிடும். தூக்குவதற்கு நாலு தோளை எந்த அதிகாரி உத்தரவு போட்டுக் கொடுப்பார்? அதனால்தான் உங்களிடமே வருகிறேன்.

அம்மாவுக்கு 74 வயது. "என்னையாவது அவர் சொன்னபடி வையுங்கடா" என்று போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது. நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வாக்கை நிறைவேற்ற வடக்குத் திட்டில் ஆறடி நீளம், மூன்றடி அகலம் வேண்டும். அன்றைக்கு மதகு திறந்திருக்க வேண்டும். மாமா திண்ணையை விட்டு இறங்கி வர வேண்டும். கருமாதி இல்லை என்று யாரும் துக்கம் கேட்காமல் இருக்கக் கூடாது. எங்கள் வரியை வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு குழிக்கு இடம் கொடுங்கள் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

வார்த்தை எங்காவது தடித்திருந்தால் சின்னவன் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். திருவிழா முடிந்துவிட்டாலும் கணக்கு இன்னும் முடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அந்த 2,000 ரூபாயைச் செலவழிக்காமல் விளக்கு மாடத்தில் அப்படியே வைத்திருக்கிறேன். தம்பியிடம் நோட்டைக் கொடுத்து அனுப்புங்கள். பூசத்தன்று காலையில் அனுப்பினால் நல்லது, கஞ்சி குடித்துவிட்டு வரி எழுதிக்கொண்டு போவான்.

இப்படிக்கு,
வடக்குத் தெருவில் வேப்பமரத்து வீட்டுப் பிள்ளை